பத்திரிகைக்கு கடிதம் எழுத பிள்ளைங்களுக்கு எப்படி சொல்லித்தர்றது? நீலகிரி டீச்சர்ஸ், பெற்றோர் வந்து பேசுங்க

கோத்தகிரி தமிழ் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஸ்கூல்ல ஒன்பதாவது பத்தாவதுக்கு தமிழ் எடுக்கிறேன். கொஞ்ச நாளா மனசுல ஓடிட்டே இருக்கிற விஷயம் இது, இங்க கேட்டா அனுபவப்பட்டவங்க நாலு பேர் சொல்வீங்கன்னு போடுறேன், நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

பத்தாவது தமிழ்ல கடிதம் எழுதுற பகுதி இருக்குல்ல, அதுல நாளிதழ் ஆசிரியருக்குன்னு வர்ற கேள்வி என்னன்னா, பொங்கல் மலர்ல 'உழவுத் தொழிலுக்கு வந்தனை செய்வோம்'ங்கிற உங்க கட்டுரையை வெளியிடச் சொல்லி எழுதுக. அதாவது பிள்ளை பத்திரிகைகிட்ட சொல்றது 'என் கட்டுரையை போடுங்க' அவ்வளவுதான். நான் இதைப் பத்தி இப்படி நினைக்கிறேன்னு ஒரு வரி அந்தக் கடிதத்துக்குள்ள வர்றதுக்கு இடமே இல்ல. அனுப்புநர் அஅஅ, பெறுநர் ஆசிரியர் அவர்கள், பொருள், ஐயா வணக்கம், இப்படிக்கு தங்கள் உண்மையுள்ள, கடைசியில உறைமேல் முகவரி. இந்த அமைப்புக்கு மார்க் இருக்கு, அதனால அதை நல்லாவே சொல்லித்தந்துட்டோம், தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் எழுதுவாங்க.

போன டெர்ம்ல எங்க பக்கத்துல ஒரு ஸ்கூல் சத்துணவு ரூம் கதவை கரடி உடைச்சுட்டு உள்ள போய் எண்ணெய் பருப்பு எல்லாத்தையும் கொட்டி வச்சுட்டு போயிருச்சு. நம்ம பக்கம் இது புதுசு இல்ல. கிளாஸ்ல அன்னிக்கு முழு பீரியடும் அதே பேச்சு, ஆளாளுக்கு ஒரு யோசனை. சரி இதையே பத்திரிகைக்கு கடிதமா எழுதுங்கடான்னு சொன்னா எல்லா நோட்டுலயும் ஒரே வரி, 'வனவிலங்குகளால் பொதுமக்கள் மிகுந்த அவதிக்குள்ளாகின்றனர், தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'. ஆனா அதுல ஒரு பையன் வாயில என்ன சொன்னான் தெரியுமா, மிஸ் கதவை எத்தனை தடவை மாத்தினாலும் கரடி வரும், எண்ணெய் டின்னை ராத்திரி அந்த ரூம்ல வைக்காம ஹட்டிக்குள்ள (படுகர் ஊர்) யார் வீட்லயாவது வச்சுட்டு காலையில எடுத்துட்டு வந்தா அது வராதுன்னு சொன்னான். இதுதாங்க கருத்து. இது அவன் நோட்டுல வரல.

மாசத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்கி, பேப்பர் படிச்சு, பிள்ளைங்க தான் நினைக்கிறதை எழுதி, அதை நிஜமாவே ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பணும்னு நினைக்கிறேன். அனுப்பாத வரைக்கும் அது பரீட்சை விடைதான். எதைப் பத்தி எழுத விடலாம், பேர் போடலாமா, பத்திரிகையில என்ன எதிர்பார்ப்பாங்க, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஞ்சூர்க்காரன்:

ரொம்ப நல்ல விஷயம் டீச்சர். அந்தப் பையன் சொன்ன எண்ணெய் டின் யோசனையை முதல்ல அனுப்புங்க.

பழைய சப்எடிட்டர்:

சொந்த ஊர் குன்னூர், கோயமுத்தூர்ல பத்திரிகை டெஸ்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். வாசகர் கடிதம் பக்கத்தை பல வருஷம் நான்தான் பாத்துக்கிட்டேன், அதனால டீச்சருக்கு உபயோகமா இருக்கும்னு எல்லாத்தையும் எழுதிடுறேன்.

முதல் விஷயம், ஸ்கூல்ல இருந்து வர்ற கட்டு. ஒரே கவர்ல நாப்பது கடிதம், எல்லாத்துலயும் அதே முதல் வரி அதே கடைசி வரி, பேர் மட்டும் வேற வேற. அதைப் பிரிச்ச உடனே தெரிஞ்சிரும் போர்டுல எழுதிப்போட்டு காப்பி பண்ண வச்சிருக்காங்கன்னு. ஒண்ணு கூட போட மாட்டோம். அந்த நாப்பதுல ஒரு பிள்ளை ரெண்டு வரி தனியா எழுதியிருந்தாலும் அது கட்டோட கட்டா போயிரும், அதுதான் எனக்கு வருத்தமா இருக்கும். அதனால கிளாஸ் முழுக்க எழுதட்டும், ஆனா அனுப்புறது ஒரு தடவைக்கு ரெண்டோ மூணோ போதும், தனித்தனி கவர்ல, வேற வேற விஷயமா.

ரெண்டாவது, எந்தச் செய்தியைப் பத்தி எழுதுறாங்களோ அது வந்த தேதி, தலைப்பு முதல் வரியிலேயே இருக்கணும். ஒரு வாரம் கழிச்சு வந்தா அந்த விஷயமே ஆறிப்போயிருக்கும், அன்னிக்கோ மறுநாளோ மெயில்ல அனுப்பிடணும். டீச்சர் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பணும்னு சொல்றாங்க, அது பிள்ளைங்களுக்கு நல்ல அனுபவம்தான், அம்பது காசு போஸ்ட் கார்டுலயே ஒரு கருத்து அடங்கும், ஆனா செய்திக்கு பதில் எழுதுறதுன்னா மெயில்தான் சரி. தபால்ல அனுப்புறதை உள்ளூர் பிரச்சனைக்கு வச்சுக்கங்க, பஸ்ஸு தண்ணி ரோடு இதெல்லாம் அடுத்த வாரமும் அப்படியேதான் இருக்கும்.

மூணாவது, ஒரு கடிதத்துல ஒரே விஷயம். நூத்தம்பது வார்த்தைக்குள்ள. நாங்க வெட்டுவோம், அதைப் பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா நான் எழுதினது இது இல்லையேன்னு அழுவாங்க. பத்தியைச் சுருக்கலாம், ஆனா எழுதினவங்க சொன்ன அர்த்தத்தை மாத்தக் கூடாது, அது பத்திரிகைக்காரங்களுக்கு உள்ள கட்டுப்பாடு. அப்படி மாறி வந்திருந்தா தயங்காம திருப்பி எழுதுங்க.

முழு பேரு, தபால் முகவரி, போன் நம்பர் இல்லாத கடிதத்தை எடுக்க மாட்டோம். ஹிந்து ஆங்கிலப் பத்திரிகையில பாத்தீங்கன்னா மெயில்ல அனுப்பினாலும் முழு முகவரி வேணும்னு அந்தப் பக்கத்துலயே போட்டிருப்பாங்க. தமிழ்ல தினமலருக்கு 'இது உங்கள் இடம்', தினமணிக்கு 'ஆசிரியருக்குக் கடிதங்கள்', இந்து தமிழுக்கு 'இப்படிக்கு இவர்கள்', ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் உண்டு, பிள்ளைங்க ஒரு மாசம் அந்தப் பக்கத்தை மட்டும் படிச்சுட்டு வரட்டும், எதுக்கு எது பொருந்தும்னு அவங்களே சொல்லிருவாங்க. ஒரே கடிதத்தை நாலு பத்திரிகைக்கு அனுப்ப வேண்டாம்.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு. 2019 ஆகஸ்ட் 8 அன்னிக்கு அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 செ.மீ. மழைன்னு வானிலை ஆய்வு மையம் சொல்லுது, அது எங்க டெஸ்க்குக்கு தானா வந்துரும். எந்த வளைவுல மண்ணு சரிஞ்சுது, ஸ்கூல் வண்டி எதுவரைக்கும் வந்து நின்னுச்சு, எந்த ஹட்டிக்கு எத்தனை நாள் பால் வரலைங்கிறது எங்களுக்கு வராது. அது அங்க இருக்கிற பிள்ளைக்குத்தான் தெரியும். எனக்கு வேண்டியது அந்தக் கடிதம்தான்.

கோத்தகிரி தமிழ் டீச்சர்:

சார் கோடி நன்றி. இந்தப் பதிவை அப்படியே பிரிண்ட் எடுத்து ஸ்டாஃப் ரூம்ல ஒட்டப் போறேன்.

கூடலூர் அம்மா:

நான் இதுக்கு எதிரா பேசலாமான்னு யோசிச்சுட்டுதான் எழுதுறேன். என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. டீச்சர் நல்ல மனசோடதான் சொல்றீங்க, ஆனா பேரு ஊரு போட்டு கடிதம் வர்றது டவுன்ல ஒரு மாதிரி, நம்ம மாதிரி இடத்துல வேற மாதிரி. எஸ்டேட்ல லைன் வீட்டுல (தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின வீடு) இருக்கிற பிள்ளை எங்க லைன்ல கூரை ஒழுகுது கக்கூஸ் இல்லன்னு எழுதினா மறுநாள் காலையில மஸ்டர்ல, அதான் ஆள் கணக்கு எடுக்கிற இடத்துல, அவங்கப்பாவைத்தான் கூப்பிட்டு கேப்பாங்க. ஒரு ஊருக்கு அந்தப் பேர்ல எட்டாவது படிக்கிற பொண்ணு ஒருத்திதான் இருப்பா. கூடலூர்ல இன்னும் பெரிய விஷயம் இருக்கு, 1969 ஜென்மம் சட்டம், அதுல பிரிவு 17 நிலம்னா உரிமை யாருக்குன்னு இன்னும் முடிவாகாத நிலம், அதுல குடியிருக்கிறவங்களுக்கு கரண்ட் கனெக்ஷன் கிடைக்கிறதே பாடு. அந்த வீட்டுப் பிள்ளை மெழுகுவத்தியில படிக்கிறேன்னு எழுதினா மனசைத் தொடும், பத்திரிகையும் போடும், ஆனா அந்த வீடு எந்த நிலத்துல இருக்குன்னு ஆபீசுக்கு நாமே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். பிள்ளை தைரியமா பேசணும்னு எனக்கும் ஆசைதான், ஆனா அந்த தைரியத்துக்கான விலையை வீட்டுல இருக்கிற பெரியவங்கதான் குடுக்கணும், அவங்ககிட்ட கேக்காம குடுக்க வைக்கக் கூடாது.

மஞ்சூர்க்காரன்:

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு சரி.

பந்தலூர் அப்பா:

பயந்துட்டே இருந்தா எப்பங்க பேசறது. எங்கப்பா அம்மா சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்து டான்டீல (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) வேலைக்கு சேந்தவங்க. அவங்க காலத்துல எது கேக்கணும்னாலும் யூனியன்காரர்கிட்ட சொல்லி அவர் எழுதிக் குடுப்பாரு, அதுல இவங்க கைநாட்டு. என் மகன் தானே எழுதுறான். அவன் பேர் வரட்டும்னுதான் நான் சொல்வேன். ஆனா கூடலூர் அக்கா சொல்ற மாதிரி வீட்டுல கேட்டுட்டு அனுப்பணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல.

பழைய சப்எடிட்டர்:

கூடலூர் அம்மாவுக்கு ஒரு விஷயம். எங்களுக்கு முழு விவரம் அனுப்புறது வேற, அச்சுல எது வரணும்ங்கிறது வேற. பேரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்னு காரணத்தோட கடிதத்திலேயே எழுதினா பெரும்பாலும் மதிப்போம், 'ஒரு மாணவி, நீலகிரி'ன்னு போட்டதுண்டு. ஆனா அது ஆசிரியர் முடிவு, உத்தரவாதம் கிடையாது. அதனால ஆபத்து இருக்கிற விஷயத்தை பேரில்லாம போடுவாங்கன்னு நம்பி அனுப்பாதீங்க, போன் பண்ணி கேட்டு உறுதியான பிறகு அனுப்புங்க.

ஊட்டி வக்கீல்:

சட்டத்துல இருந்து ரெண்டு மூணு விஷயம் சொல்றேன், டீச்சருக்கு கிளாஸ்ல சொல்ல உதவும்.

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989ல வந்துச்சு, இந்தியா 1992ல ஏத்துக்கிட்டது. அதுல 12வது பிரிவு, தன்னைப் பாதிக்கிற எல்லா விஷயத்துலயும் கருத்து சொல்ல குழந்தைக்கு உரிமை உண்டு, வயசுக்கும் முதிர்ச்சிக்கும் ஏத்தபடி அதுக்கு மதிப்பு குடுக்கணும்னு சொல்லுது. நம்ம அரசியலமைப்புல 19(1)(அ), பேச்சு, கருத்துச் சுதந்திரம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஒரு கடிதத்தால என்ன ஆகும்னு பிள்ளைங்க கேப்பாங்க, அதுக்கு சுனில் பத்ரா வழக்கைச் சொல்லுங்க. திகார் ஜெயில்ல இருந்த ஒரு கைதி, இன்னொரு கைதியை வார்டன் சித்திரவதை பண்ணினதைப் பத்தி சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார், கோர்ட் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவா எடுத்துக்கிட்டது. 1979, 80 வாக்குல. பின்னாடி பொதுநல வழக்குன்னு நாம பேசறதுக்கு வழி போட்டதுல அந்த மாதிரி கடிதங்களுக்கு பெரிய பங்கு உண்டு. அவர் தனக்காக எழுதலங்கிறதை பிள்ளைங்களுக்கு அழுத்திச் சொல்லுங்க. 2021ல கேரளாவுல அஞ்சாவது படிக்கிற ஒரு பொண்ணு கொரோனா நேரத்துல கோர்ட் செஞ்சதைப் பாராட்டி படம் வரைஞ்சு தலைமை நீதிபதிக்கு எழுதினா, அவர் பதில் எழுதி கையெழுத்துப் போட்ட அரசியலமைப்பு புத்தகமும் அனுப்பினார். குறை சொல்றது மட்டும் கருத்து இல்ல, நல்லது நடந்தா அதைச் சொல்றதும் கருத்துதான்.

டீச்சருக்கு ஒரு எச்சரிக்கை. நீங்க அரசுப் பள்ளின்னா 1973 அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களுக்குப் பொருந்தும், அரசாங்கத்தை விமர்சிச்சு பத்திரிகையில எழுத உங்களுக்குத் தடை இருக்கு. பிள்ளை எழுதின கடிதத்துல உங்க கையெழுத்து, ஸ்கூல் சீல், லெட்டர்பேட் எதுவும் வேண்டாம். அது பிள்ளையோட கடிதம், பெற்றோர் சம்மதத்தோட அவங்க வீட்டு முகவரியில இருந்து போகட்டும். ஹெட்மாஸ்டர்கிட்ட முன்னாடியே எழுத்துல சொல்லி வச்சுக்கங்க.

கோத்தகிரி தமிழ் டீச்சர்:

வக்கீல் சார், சீல் விஷயம் ரொம்ப முக்கியம், நான் ஸ்கூல் மூலமா அனுப்பலாம்னுதான் நினைச்சிட்டு இருந்தேன், இனி வீட்டு முகவரிதான். கூடலூர் அக்கா, உங்க பதிவைப் படிச்சப்புறம் ஒரு முறை வச்சுக்கலாம்னு தோணுது. கடிதம் முடிஞ்ச உடனே பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துட்டு போய் அம்மா அப்பாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டணும். படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் அது புரியும். அவங்க வேண்டாம்னா அனுப்ப மாட்டோம், ஏன்னும் கேக்க மாட்டோம், நோட்டுல இருக்கட்டும்.

ஊட்டி காலேஜ் மாணவி:

எல்லாரும் தப்பா எடுத்துக்காதீங்க, இப்போ எங்க வயசுல பேப்பர் யாருமே காசு குடுத்து வாங்கறது இல்ல. ஒரு ரீல்ஸ் போட்டா ஒரு மணி நேரத்துல ஊரே பாக்குது. ரோட்டுல குழின்னா போட்டோ எடுத்து கலெக்டரை டேக் பண்ணா அன்னிக்கே பதில் வருது. நூத்தம்பது வார்த்தை எழுதி, மெயில் அனுப்பி, போடுவாங்களா மாட்டாங்களான்னு காத்திருந்து, இது எதுக்குன்னு பிள்ளைங்க கேட்டா என்ன சொல்வீங்க டீச்சர்?

மஞ்சூர்க்காரன்:

தங்கச்சி, நான் சொல்றேன். எங்க ஊருக்கு சாயந்திரம் வர்ற கடைசி பஸ்ஸை திடீர்னு நிறுத்திட்டாங்க. நானும் பசங்களும் சேந்து வீடியோ எடுத்துப் போட்டோம், நல்லா ஓடுச்சு, கமெண்ட்ல எல்லாரும் திட்டினாங்க, மறுநாள் வேற வீடியோ வந்துச்சு, எங்களுது காணாமப் போச்சு. அப்புறம் பிளஸ் டூ படிக்கிற ஒரு பொண்ணு, அந்த பஸ் எத்தனை மணிக்கு வரணும், அது இல்லாததால டியூஷன் போற பிள்ளைங்க எந்த ஸ்டாப்புல இறங்கி எவ்வளவு தூரம் இருட்டுல டீத்தோட்டத்து வழியா நடக்குறாங்க, அந்த வழியில காட்டுமாடு எங்க நிக்கும், இதையெல்லாம் எழுதி பேப்பருக்கு அனுப்பிச்சா. வந்துச்சு. அதை வெட்டி எடுத்துட்டு அவங்கப்பா திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல மனுவோட சேத்துக் குடுத்தாரு. வீடியோவை மனுவுல எப்படிச் சேக்கறது. பேப்பர்ல வந்தது தேதியோட கையில நிக்குது. பஸ் உடனே வரல, ஆனா அதுக்கப்புறம் எங்ககிட்ட யாரும் அப்படி ஒரு பிரச்சனையே இல்லன்னு சொல்ல முடியல.

ஊட்டி காலேஜ் மாணவி:

சரி அண்ணா, மனுவோட சேக்கற விஷயத்தை நான் யோசிக்கல.

பழைய சப்எடிட்டர்:

தங்கச்சி கேள்விக்கு நானும் ஒண்ணு சேக்கறேன். ரீல்ஸ்ல போடுறதுக்கு முன்னாடி யாரும் உங்களை நிறுத்திக் கேக்க மாட்டாங்க. கடிதத்துக்கு நாங்க போன் பண்ணுவோம், இது நிஜமா, நீங்க பாத்தீங்களா, யார் சொன்னாங்கன்னு. அந்தக் கேள்வியை பதினாலு வயசுல ஒரு தடவை சந்திச்ச பிள்ளை அப்புறம் எதைப் பகிரும்போதும் ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கும். பாரதியார் புதுச்சேரியில இருந்த காலத்துல ஹிந்து பத்திரிகைக்கு ஆங்கிலத்துல ஆசிரியருக்குக் கடிதங்கள் எழுதினவர். தானே பத்திரிகை நடத்தினவர் இன்னொரு பத்திரிகையில வாசகரா வந்து தன் பக்கத்தைச் சொன்னார். அதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லலாம்.

கொடைக்கானல் மேகம்:

பழனி மலையில இருந்து. எங்க ஊர் தெர்மாமீட்டர் ஃபேக்டரி விஷயம் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, பாதரசக் கழிவுப் பிரச்சனையால 2001ல மூடினது. பாதரசம் ஒட்டின உடைஞ்ச கண்ணாடி பழைய சாமான் கடையில கிடந்ததை ஊர்க்காரங்க கண்டுபிடிச்சாங்க, கையில சாட்சி இருந்துச்சு, அதுக்கப்புறம்தான் பேச்சு எடுபட்டுச்சு. அங்க வேலை பாத்தவங்க வருஷக்கணக்கா எழுதி எழுதி, 2016லதான் கம்பெனியோட ஒரு உடன்பாடு வந்துச்சு. எங்க பிள்ளைங்களுக்கு நான் இதைத்தான் சொல்றது, ஒரு கடிதம் எழுதிட்டு முடிஞ்சுதுன்னு நினைக்காதே, ஆனா எழுதறப்போ கையில என்ன சாட்சி இருக்குன்னு பாத்துட்டு எழுதுன்னு. கடிதம் வரலன்னா என்ன பண்றதுன்னு கேட்டீங்கன்னா, கிராம சபையில படிக்கச் சொல்லலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர இப்போ மார்ச் 22, நவம்பர் 1ன்னும் நடக்குது. பிள்ளைக்கு ஓட்டு இல்ல, ஆனா அம்மா எழுந்து படிக்கலாமே.

கோத்தகிரி தமிழ் டீச்சர்:

இந்த வாரம் முதல் பீரியட் நடத்தினேன், என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். ஒரு பொண்ணோட கடிதம், பேர் போடல, அவ அம்மாகிட்ட கேட்டுட்டுதான் இங்க போடுறேன்.

முதல் தடவை அவ எழுதிக் கொண்டு வந்தது 'பிளாஸ்டிக் என்னும் அரக்கனை ஒழிப்போம், இயற்கை நம் தாய், மலைகளின் அரசியைக் காப்போம்'. எல்லாம் பேச்சுப் போட்டியில மனப்பாடம் பண்ணினது. நான் அடிக்கல, திருத்தல. கேள்வி மட்டும் கேட்டேன். நீ பாத்த பிளாஸ்டிக் எங்க கிடந்துச்சு? பஸ் ஸ்டாப்புக்கு கீழ சரிவுல மிஸ். என்ன பிளாஸ்டிக்? தண்ணி பாட்டில். நம்ம மாவட்டத்துல பாட்டில் தடை ஆச்சே, அப்புறம் எப்படி? கீழ இருந்து வர்றவங்க கொண்டு வர்றாங்க மிஸ், செக்போஸ்ட்ல எல்லாரையும் பாக்க முடியாதுல்ல. அவங்களுக்குத்தான் தண்ணி ஏடிஎம் வச்சிருக்கே? அப்பதான் அந்தப் பொண்ணு நிமிந்து உக்காந்தா. மிஸ் அந்த மெஷின் காசை வாங்கிட்டு பல நாள் தண்ணி விடறது இல்ல, நான் பஸ்ஸுக்கு நிக்கறப்போ தினமும் பாக்கறேன், அப்படியே தண்ணி வந்தாலும் டூரிஸ்ட் கையில பிடிக்கிறதுக்கு பாட்டிலே இருக்காது, இங்க வந்து என்ன பண்றதுன்னு முழிப்பாங்க, மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறும்போதே யாராவது சொன்னா வீட்டு பாட்டிலை எடுத்துட்டு வருவாங்கல்லன்னு கேட்டா.

இதோ அவ ரெண்டாவதா எழுதினது:

'ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் பஸ் ஸ்டாப்பில் குடிநீர் ஏடிஎம் இருக்கிறது. சாயங்காலம் பஸ்ஸுக்காக நிற்கும்போது தினமும் பார்க்கிறேன். பல நாள் காசு போட்டால் தண்ணீர் வருவதில்லை. வரும் நாளிலும் வெளியூர்க்காரர்களிடம் பிடிக்கப் பாத்திரம் இல்லை. தடை இருப்பது மலை ஏறிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிகிறது. மேட்டுப்பாளையத்தில் பஸ் கிளம்பும் முன் கண்டக்டர் ஒரு தடவை சொன்னால் போதும். மெஷினைப் பழுது பார்க்க யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதன் மேலேயே ஒரு நம்பர் எழுதி வைக்க வேண்டும். பாட்டில் கொண்டு வருபவர்களை மட்டும் குறை சொல்வது சரியில்லை என்று நினைக்கிறேன்.'

கடைசி வரி நான் சொல்லவே இல்ல. அதைப் படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பழைய சப்எடிட்டர்:

நான் டெஸ்க்ல இருந்தா இதைக் கண்டிப்பா எடுத்திருப்பேன் டீச்சர். ரெண்டே திருத்தம். 'பல நாள்'ங்கிறதுக்குப் பதிலா ஒரு வாரம் தேதி போட்டுக் குறிச்சு, அந்த வாரத்துல எத்தனை நாள் வரலன்னு எழுதச் சொல்லுங்க. அப்புறம் எந்த பஸ் ஸ்டாப்னு பேர் வேணும், இல்லன்னா சரி பண்ண வேண்டியவங்களுக்கு எந்த மெஷின்னு தெரியாது. 'பாத்திரம்', 'ஒரு தடவை'ங்கிற மாதிரி அவ வார்த்தையெல்லாம் அப்படியே இருக்கட்டும், தூய தமிழாக்க வேண்டாம்.

கூடலூர் அம்மா:

பொண்ணு அருமையா எழுதியிருக்கா. ஆனா டீச்சர் ஒண்ணு கேக்கறேன், நீங்க கேட்ட கேள்வியிலேயே உங்க கருத்து இருந்துச்சுல்ல? தண்ணி ஏடிஎம் இருக்கேன்னு நீங்க எடுத்துக் குடுக்கலன்னா அவ வேற எங்கயாவது போயிருப்பா. சுற்றுலா விஷயம் வந்தா என்ன பண்ணுவீங்க? 2024 மே 7ல இருந்து வெளி வண்டி நீலகிரிக்குள்ள வர இ-பாஸ், 2025 சீசனுக்கு நாள் ஒண்ணுக்கு ஆறாயிரம் வண்டி, சனி ஞாயிறு எட்டாயிரம்னு ஐகோர்ட் சொன்னது. டாக்ஸி ஓட்டறவர் பிள்ளையும் உங்க கிளாஸ்ல இருக்கும், மலையில கூட்டம் தாங்க முடியலங்கிற வீட்டுப் பிள்ளையும் இருக்கும். டீச்சர் எந்தப் பக்கம்னு பிள்ளைங்க முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுரும், அதையே எழுதும்.

கோத்தகிரி தமிழ் டீச்சர்:

அக்கா இந்தக் கேள்வி என்னை ரெண்டு நாள் தூங்க விடல. நீங்க சொன்னது உண்மை, கேள்விக்குள்ளயும் டீச்சர் இருக்கா. அதனால இனி நான் கேக்கற கேள்வி மூணே மூணு தான்னு வச்சிருக்கேன், நீ எப்ப பாத்த, உனக்கு யார் சொன்னா, அதுக்கு என்ன பண்ணலாம்னு. மத்த கேள்வியெல்லாம் பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளை கேக்கணும். இ-பாஸ் பத்தி அப்படித்தான் நடந்துச்சு. டாக்ஸிக்காரர் மகன் எழுதினதை எதிர்க் கருத்து உள்ள பொண்ணு படிச்சுட்டு உங்கப்பாவுக்கு சீசன்ல எவ்வளவு குறைஞ்சுது, அது இல்லாத மாசம் என்ன பண்றாருன்னு கேட்டா, அவன் பதில் சொல்ல சொல்ல அவன் கடிதம் ஒரு பத்தி கூடுச்சு. அவ கடிதத்தை அவன் படிச்சுட்டு, ட்ராஃபிக்ல ஆம்புலன்ஸ் நின்னதை நீ பாத்தியா கேட்டியான்னு கேட்டான். கேட்டதுன்னு ஒத்துக்கிட்டு 'பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்'னு மாத்தி எழுதினா. ரெண்டையும் ஒரே நாள் ஒரே பத்திரிகைக்கு அனுப்பறதா இருக்கோம்.

பந்தலூர் அப்பா:

இது கேக்கவே சந்தோஷமா இருக்கு. என் மகன் பச்சைத் தேயிலை விலையைப் பத்தி எழுதணும்ங்கறான். நாங்க கொஞ்சம் சொந்தத் தோட்டமும் வச்சிருக்கோம். தேயிலை வாரியம் மாசாமாசம் சராசரி விலை அறிவிக்குது, எங்களுக்கு ஃபேக்டரி குடுக்கற சீட்டுல வேற ரேட் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சு எழுதலாமா?

ஊட்டி வக்கீல்:

எழுதலாம், ஆனா ஃபேக்டரி பேரைப் போட வேண்டாம். இலையோட தரத்தைப் பொறுத்து ரேட் மாறும், ஒரு சீட்டை வச்சு ஏமாத்தறாங்கன்னு எழுதினா அவதூறுன்னு வருவாங்க. எங்க சீட்டுல இந்த மாசம் இவ்வளவு, அறிவிச்சது இவ்வளவு, வித்தியாசம் ஏன்னு விவசாயிக்கு சீட்டிலேயே எழுதித் தரணும்னு கேக்கட்டும். சீட்டோட காப்பி உங்ககிட்ட பத்திரமா இருக்கட்டும்.

மஞ்சூர்க்காரன்:

படுகு (படுகர் மொழி) பேசற பிள்ளைங்க, கூடலூர் பக்கம் பணியர் பழங்குடிப் பிள்ளைங்க இவங்களுக்கு எழுத்துத் தமிழ்ல எழுதறதே கஷ்டம். இவங்களை எப்படிச் சேத்துக்கறது டீச்சர்? எங்க ஸ்கூல்ல நல்லா தமிழ் எழுதற ரெண்டு மூணு பேரோடது மட்டும்தான் எப்பவும் போர்டுல இருக்கும்.

கோத்தகிரி தமிழ் டீச்சர்:

என் கிளாஸ்லயே பாதிப் பேர் வீட்டுல படுகு. முதல்ல அவங்க பேச்சுல பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லட்டும், அதை இன்னொரு பிள்ளை தமிழ்ல எழுதி, சொன்ன பிள்ளைக்கு திருப்பிப் படிச்சுக் காட்டி, நான் சொன்னது இதுதானான்னு கேக்கணும். இல்லன்னு சொன்னா மாத்தணும். கடிதம் சொன்ன பிள்ளை பேர்ல போகணும், எழுதின பிள்ளை பேர்ல இல்ல. எண்ணெய் டின் சொன்ன பையனோடதை அப்படித்தான் எழுதி முடிச்சோம்.

கூடலூர் அம்மா:

எஸ்டேட் லைன், பிரிவு 17 விஷயத்துல என் கருத்து மாறல டீச்சர், அதைப் பிள்ளை பேர்ல எழுத விடக் கூடாதுன்னுதான் இப்பவும் சொல்வேன், அது பெரியவங்க பேச வேண்டியது. ஆனா எங்க ரோடு இருக்கு, மைசூர் போற வழி, ராத்திரி 9 மணியில இருந்து காலை 6 வரைக்கும் பந்திப்பூர்ல வண்டி விட மாட்டாங்க. என் பொண்ணு அந்தத் தடை இருக்கணும்னு சொல்றா, அவ தாத்தா கூடாதுங்கறாரு, வீட்டுல தினமும் சண்டை. அவளை எழுதச் சொல்லியிருக்கேன். எழுதினதை தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டிட்டு அனுப்பறோம். எந்தப் பத்திரிகைக்குன்னு சப்எடிட்டர் சார் சொல்லுங்க.

பழைய சப்எடிட்டர்:

முதல்ல பொண்ணு எழுதட்டும்மா, படிச்சுட்டு சொல்றேன். தாத்தாவும் தன் பக்கத்தை எழுதினார்னா அதையும் சேத்து அனுப்புங்க, வேற வேற கவர்ல.